வரம்பை டைப்பிலேயே பூட்டுவது: எந்த விதி உள்ளே, எது வெளியே?

#1 · செந்தூல்_கோடர் · கோலாலம்பூர்

வணக்கம். உணவகங்களுக்கான பில்லிங் சிஸ்டம். பின்பக்கம் கோட்லின், முன்பக்கம் டைப்ஸ்கிரிப்ட், தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். விலை, எண்ணிக்கை, தள்ளுபடி, சேவை வரி வீதம், உறுப்பினரின் ஐசி (மலேசிய அடையாள அட்டை) எண், போஸ்கோட் (அஞ்சல் குறியீடு), எல்லாமே இப்போதைக்கு வெறும் இன்ட் (முழு எண்), டபுள் (தசம எண்), ஸ்டிரிங் (எழுத்துத் தொடர்)தான். சில ஃபங்ஷன் உள்ளே வர்றதை மறுபடி மறுபடி சோதிக்குது, சிலது சோதிக்கிறதே இல்ல. தள்ளுபடி போட வேண்டிய இடத்துல வரி வீதத்தைக் கொடுத்தாலும் கம்பைலர் வாயைத் திறக்காது. ரெண்டும் டபுள்தானே.

ஒவ்வொண்ணுக்கும் சொந்தமா ஒரு டைப் வைக்கலாம்னு யோசனை. எந்த விதியை டைப்புக்குள்ள வைக்கணும், எதை வெளியே விடணும்? தப்பான மதிப்பு வந்தா எக்ஸெப்ஷன் வீசி நிறுத்தணுமா, சரியா தப்பான்னு சொல்ற ரிசல்ட்டைத் திருப்பித் தரணுமா? டேபிள்ல ஏற்கெனவே கிடக்கிற கெட்ட வரிசைகளை என்ன பண்றது? கோடை ஒட்ட வேணாம், சொல்லிலேயே விளக்குங்க, மத்த மொழிக்காரங்களுக்கும் உதவும்.

#2 · நளினி_பங்சார்

முதல்ல ஒண்ணு. கோட்லின்ல டைப்அலியாஸ், டைப்ஸ்கிரிப்ட்ல வெறும் டைப் பெயர், ரெண்டுமே வேற டைப் ஆகாது. இன்னொரு பெயர், அவ்வளவுதான். சென் (வெள்ளி, அதாவது ரிங்கிட்டோட நூறில் ஒரு பங்கு) என்று பெயர் வெச்ச இன்ட்டை எண்ணிக்கை என்று பெயர் வெச்ச இன்ட் கேக்கிற இடத்துல கொடுத்தா அமைதியா ஏத்துக்கும்.

கோட்லின்ல வேணும்கிறது வேல்யூ கிளாஸ். உள்ளே ஒரே ஒரு ஃபீல்ட், மதிப்பு பிறக்கும்போது ஓடுற இனிட் பிளாக்ல ரெக்வயர் (விதி மீறினா எக்ஸெப்ஷன் வீசுறது). பெரும்பாலான இடங்கள்ல அது ஓடும்போது வெறும் இன்ட்டாவே இருக்கும். நல்லபிள் ஆக்குறது, ஜெனெரிக்குக்குள்ள போடுறது மாதிரி சில இடங்கள்ல பெட்டிக்குள்ள போகும் (தனி ஆப்ஜெக்டாகும்). வேகத்தைப் பத்தின பயம் பெரும்பாலும் தேவையில்லாதது.

வேலையே இதுக்கு அப்புறம்தான். டைப் எழுதுறது அஞ்சு நிமிஷம். அந்த டைப்போட மதிப்பு எந்தெந்த வழியில பிறக்க முடியும்னு தேடி அடைக்கிறதுதான் நேரம் எடுக்கும். முன்வாசலுக்குப் பெரிய பூட்டு, பின்வாசல் தாழ்ப்பாள் கூட இல்லை என்கிற கதையா இருக்கும் நிறைய கோட்பேஸ்.

கோட்லின்ல பார்க்க வேண்டியவை: கன்ஸ்ட்ரக்டரை பிரைவேட் ஆக்கி, சோதனையை கம்பானியன் ஃபேக்டரில (மதிப்பை உருவாக்கித் தர்ற ஃபங்ஷன்ல) மட்டும் வெச்சு, கிளாஸை டேட்டா கிளாஸா விட்டா, காப்பி ஃபங்ஷன் வெளியே திறந்தே இருக்கும். அதை வெச்சு யாரும் உள் மதிப்பை மாத்திடலாம். கோட்லின் 2.0.20-லிருந்துதான் இதுக்கு எச்சரிக்கை வருது. அடுத்தது ஜேசான் படிக்கிற ஜீசன் லைப்ரரி. நோ-ஆர்க் கன்ஸ்ட்ரக்டர் இல்லாத கிளாஸுக்கு அது கன்ஸ்ட்ரக்டரையே கூப்பிடாம ஜேவிஎம்மோட அன்சேஃப் வழியா ஆப்ஜெக்டை உருவாக்கிடும். இனிட் பிளாக் ஓடவே ஓடாது. கோட்லினோட சொந்த சீரியலைசேஷன் லைப்ரரி இனிட்டை ஓட்டும், ஆனா உங்க ஃபேக்டரியை அதுக்குத் தெரியாது. ஜாக்சன்னு இன்னொரு ஜேசான் லைப்ரரி, அதோட பழைய பதிப்புகள்ல வேல்யூ கிளாஸ் ஆதரவு அரைகுறை. ஒரு கெட்ட ஜேசானை அனுப்பி, அது விழுதான்னு டெஸ்ட் எழுதிப் பார்க்காம நம்பாதீங்க.

அதனால நான் சொல்றது: விதியை இனிட்லயே வைங்க. பயனர் தட்டுற மதிப்புக்கு மட்டும், எக்ஸெப்ஷன் வீசாம நல் (மதிப்பு இல்லை) அல்லது பிழை திருப்பித் தர்ற ஃபேக்டரி ஒண்ணு கூடுதலா இருக்கட்டும். விதி எழுதப்பட்ட இடம் ஒண்ணுதான் இருக்கணும், ரெண்டுமே அதையே கூப்பிடணும்.

டைப்ஸ்கிரிப்ட் பக்கம் இன்னும் மோசம். அங்கே பொருத்தம் பார்ப்பது வடிவத்தை வெச்சு, பெயரை வெச்சு இல்ல. நம்பரோட ஒரு கற்பனை ஃபீல்டைச் சேர்த்து பிராண்ட் பண்ற வழக்கம் உண்டு. நல்லாவே வேலை செய்யும், ஆனா ஓடும்போது அந்த பிராண்ட் இருக்காது. 'ஆஸ்' போட்டு யாரும் எதையும் அந்த டைப்பா மாத்தலாம். ஜேசான் பார்ஸ் திருப்பித் தர்றது 'எனி', அது எங்கேயும் நுழையும். ஆகவே பிராண்ட் பண்ற ஃபங்ஷன் இருக்கிற ஒரே ஃபைலைத் தவிர மத்த எல்லா இடத்துலயும் 'ஆஸ்'-க்கு லின்ட் (கோடை அலசுற கருவி) தடை போடுங்க. வெளியிலிருந்து வர்ற ஜேசானை ஸாட் மாதிரி ஒரு ஸ்கீமா வழியா விடுங்க, அதுலயே பிராண்ட் வசதி இருக்கு.

#3 · பாயான்_லெப்பாஸ்_போர்டு · பினாங்கு

நளினி சொன்னதெல்லாம் சரி. கணக்குப் போடும்போது என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கேதான் பலரும் தடுமாறுவார்கள்.

0 முதல் 100 வரை என்று ஒரு டைப். அதில் இரண்டு மதிப்பு, 80, 90. சராசரி 85, வரம்புக்குள்தான். ஆனால் கூட்டும் நொடியில் 170. கூட்டல் ஃபங்ஷனை அதே டைப்பைத் திருப்பித் தருவதாக எழுதியிருந்தால், சரியான கணக்குக்கே பிழை விழும். ஏடா மொழி இதை 1983 பதிப்பிலேயே சரியாகக் கையாண்டது. நடுவில் வரும் மதிப்பு வரம்பில்லாத அடிப்படை டைப்பில் கணக்கிடப்படும். மாறியில் வைக்கும்போதுதான் வரம்புச் சோதனை, தவறினால் கன்ஸ்ட்ரெயின்ட் எரர். உங்கள் மொழியிலும் அதையே செய்யுங்கள். வரம்புள்ள இரண்டைக் கூட்டினால் வெறும் லாங் வரட்டும், கடைசியில் ஒருமுறை ஃபேக்டரி வழியாக உள்ளே வரட்டும். டைப்ஸ்கிரிப்ட் பிராண்டில் இது தானாகவே நடக்கிறது. பிராண்ட் உள்ள இரண்டு நம்பரைக் கூட்டினால் வெறும் நம்பர்தான் கிடைக்கும்.

ஏடாவிலேயே சப்டைப் வேறு, புதிய டைப் வேறு. சப்டைப் வரம்பை மட்டும் இறுக்கும், தாய் டைப்போடு தாராளமாகக் கலக்கும். புதிதாக அறிவித்த டைப் கலக்காது, மாற்றிக் கேட்க வேண்டும். 12 பிட் ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் சுற்று) அளவீடு 0 முதல் 4095 வரை. அதிலிருந்து கணக்கிடும் வெப்பநிலை இன்னொன்று. இந்த இரண்டும் கலக்கவே கூடாது, ஆகவே புதிய டைப். 'சூடான நிலை வெப்பநிலை' என்பது வெப்பநிலையின் சப்டைப்பாக இருந்தால் போதும்.

டபுளைத் தொடுகிறவர்களுக்கு: நேன், அதாவது 'எண் அல்ல' என்ற சிறப்பு மதிப்பு. "0-க்குக் கீழே என்றால் அல்லது 100-க்கு மேலே என்றால் நிராகரி" என்று எழுதினால் நேன் உள்ளே வந்துவிடும், ஏனென்றால் நேனோடு சிறிதா, பெரிதா, சமமா என்று பார்க்கும் எந்த ஒப்பீடும் பொய். "0-க்குச் சமம் அல்லது மேல், 100-க்குச் சமம் அல்லது கீழ் என்றால் ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் நிராகரி" என்று எழுதினால் வராது. விதியை எப்போதும் ஏற்கும் பக்கத்திலிருந்தே எழுதுங்கள்.

மொழியில் வசதி இருந்தும் போதாது என்பதற்கு ஏரியன் 5 ராக்கெட் விபத்து இருக்கிறது. 1996 ஜூன் 4. 64 பிட் மிதவைப் புள்ளி எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது மதிப்பு கொள்ளவில்லை. எழுதப்பட்ட மொழி ஏடாதான். ஆபத்துள்ள ஏழு மாறிகளில் நான்குக்குப் பாதுகாப்பு வைத்தார்கள், மூன்றை விட்டார்கள்; கணினியின் வேலைப்பளு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது இலக்கு. விட்ட மூன்றில் ஒன்றுதான் வெடித்தது. முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-இன் பாதையில் அந்த மதிப்பு அவ்வளவு பெரிதாக வரவே வராது என்ற கணிப்பு சரியாகவே இருந்தது, ராக்கெட்தான் மாறிவிட்டது.

#4 · எளிமை_போதும்

எனக்கு இது ஓவராத் தெரியுது. நாற்பது ஃபீல்ட் இருக்கிற ஒரு ஃபார்முக்கு நாற்பது டைப்பா? ஒவ்வொண்ணுக்கும் ஜேசான் கன்வெர்ட்டர், டேட்டாபேஸ் கன்வெர்ட்டர், டெஸ்ட் ஜெனரேட்டர். கணக்குப் போடும் இடம் எல்லாம் உள்ளே இருக்கிறதை எடு, கூட்டு, திரும்ப உள்ளே போடு. கன்ட்ரோலர்ல ஒரே இடத்துல வேலிடேட் பண்ணிட்டா முடிஞ்சது இல்லையா?

#5 · நளினி_பங்சார்

கன்ட்ரோலர்ல வேலிடேட் பண்ணிட்டு, வெறும் இன்ட்டாவே உள்ளே அனுப்பினா, சோதிச்சோம் என்கிற தகவல் அந்த இடத்துலயே தொலைஞ்சு போகுது. உள்ளே இருக்கிற ஃபங்ஷனுக்கு இது சோதிச்ச இன்ட்டா, நைட்ல ஓடுற இம்போர்ட் ஸ்கிரிப்ட்லிருந்து வந்த இன்ட்டான்னு தெரியாது. அதனாலதான் செந்தூல் சொன்ன மாதிரி எல்லாரும் மறுபடி மறுபடி சோதிக்கிறாங்க. கன்ட்ரோலர் ஒண்ணுதான் வாசல் என்கிறது முதல் மாசம் மட்டும்தான் உண்மை. அப்புறம் எக்ஸெல் இம்போர்ட் வரும், மெசேஜ் கியூ வரும், அட்மின் பேனல் வரும்.

ஆனா நாற்பதுக்கும் டைப் வேணாம், அதுல உங்களோட ஒத்துப்போறேன். நான் பார்க்கிறது இதுதான். ஒரே அடிப்படை டைப்புல இருந்து ஒண்ணோட ஒண்ணு மாறிப்போகக் கூடியதா (சென்னும் எண்ணிக்கையும், மேசை எண்ணும் பில் எண்ணும்)? தப்பானா சத்தமில்லாம காசு போகுமா? மூணு நாலு லேயர் தாண்டிப் போகுதா? ஒண்ணுக்காவது ஆமான்னா டைப். சமையலறைக்குப் போகிற "காரம் கம்மி" குறிப்புக்கு ஸ்டிரிங்கே போதும்லா.

எடுத்து, கூட்டி, திரும்பப் போடுறது தொல்லைன்னா, அந்தக் கணக்கு இருக்க வேண்டிய இடம் டைப்புக்குள்ள என்று அர்த்தம். சென் டைப்புக்கு கூட்டல் வேணும், எண்ணிக்கையால பெருக்கல் வேணும். சென்னைச் சென்னால பெருக்கவே வேண்டாம், அதை எழுதாம விட்டுடுங்க. வெறும் இன்ட்ல அந்தப் பெருக்கல் கம்பைல் ஆகும், இதுல ஆகாது. கிடைக்கிற லாபத்துல பாதி இந்த எழுதாம விட்டதுலதான் இருக்கு.

கழித்தல்ல மட்டும் யோசிங்க. விலை எதிர்மறையா இருக்கக் கூடாது, ஆனா ரெண்டு விலைக்கு நடுவுல உள்ள வித்தியாசம் இருக்கலாம். அது வேற டைப்.

#6 · செந்தூல்_கோடர்

புரியுது அக்கா. அப்போ வரி வீதம்? 6 அல்லது 8 மட்டும்தான் என்று டைப்பிலேயே பூட்டிடலாமா? வேற எதுவும் வந்தா கண்டிப்பா தப்புதானே.

#7 · டேட்டாபேஸ்_தாத்தா · கோலாலம்பூர்

பூட்டாதே தம்பி. இந்த இழையில இதுதான் முக்கியமான கேள்வி.

2015 ஏப்ரல் 1-ல ஜிஎஸ்டி (சரக்கு-சேவை வரி) 6 சதவீதம். 2018 ஜூன் 1-ல அது பூஜ்யம். அதே வருஷம் செப்டம்பர் 1-ல எஸ்எஸ்டி (விற்பனை-சேவை வரி) திரும்ப வந்தது, சேவை வரி 6. 2024 மார்ச் 1-ல பெரும்பாலான சேவைகளுக்கு 8 ஆச்சு, ஆனா உணவு-பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்தம் மாதிரி சிலதுக்கு 6-லயே நின்னுது. 2018 ஜூலை பில்லைத் திறந்தா வீதம் பூஜ்யம். "6 அல்லது 8" டைப் அந்தப் பழைய பில்லைப் படிக்கவே விடாது. ஏழு வருஷக் கணக்கைக் காட்டச் சொன்னா என்ன பண்ணுவே?

ஒரு மதிப்பு எப்பவும் இருக்க வேண்டிய வடிவம் வேற, இன்னிக்குச் செல்லுபடியாகும் கொள்கை வேற. வடிவம் டைப்புக்குள்ள. கொள்கை டேபிள்ல. வீதம் என்கிற டைப்புக்கு நூறில் ஒரு பங்கு சதவீதத்தை அலகா வெச்சு 0 முதல் 10000 வரை முழு எண். 8 சதவீதம் 800, 6 சதவீதம் 600. எந்தச் சேவைக்கு, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு என்பது மூணு நெடுவரிசை உள்ள ஒரு டேபிள். வீதத்தை அங்கே தேடி எடு, பில்லுல அந்த நேரத்து வீதத்தை எழுதி வை. ஒரு கட்டுப்பாடு அரசாங்க அறிவிப்பாலயோ முதலாளி மனசு மாறியோ மாறக் கூடியதுன்னா அது டைப்புக்கு வெளியே.

பணத்தை டபுள்ல வைக்காதே என்பது எல்லாருக்கும் தெரியும், இருந்தும் வைக்கிறாங்க. 1.15-ஐ 100-ஆல பெருக்கிப் பாரு, 114.99999999999999 வரும், முழு எண்ணாக்க வெட்டினா 114. ஒரு சென் காணோம். சென் முழு எண்ணா இருக்கட்டும், 64 பிட்ல. 32 பிட்டுன்னா 21.47 மில்லியன் வெள்ளியோட நின்னுடும். ஒரு கடையோட ஒரு பில்லுக்கு அது போதும். எல்லாக் கிளைக்கும் வருஷ மொத்தம் போடும்போது போதாது.

ரொக்க ரவுண்டிங்குக்கு மட்டும் தனி டைப் வை. 2008 ஏப்ரல் 1-லிருந்து ரொக்கமா வாங்கும்போது பில்லோட மொத்தம் அருகிலுள்ள 5 சென்னுக்குப் போகணும். கடைசி இலக்கம் 1, 2 என்றால் கீழே, 3, 4 என்றால் 5-க்கு. 6, 7 என்றால் 5-க்கு, 8, 9 என்றால் மேலே. ஒவ்வொரு வரிக்கும் இல்ல, மொத்தத்துக்கு மட்டும். கார்டுல கட்டினா ரவுண்டிங் கிடையாது. ஆகவே ரொக்கத்தொகை டைப்போட விதி: 5-ஆல் வகுபடணும். சென்னிலிருந்து அதுக்குப் போகிற ஒரே ஃபங்ஷன் ரெண்டு மதிப்பைத் திருப்பணும், ரொக்கத்தொகையும் −2 முதல் +2 வரை உள்ள ரவுண்டிங் வித்தியாசமும். வித்தியாசத்தை பில்லுல தனி வரியாக் காட்டணும், அதனால அதைத் தூக்கிப் போட முடியாதபடி டைப்பிலேயே இருக்கட்டும்.

உதாரணம்: 12 வெள்ளி 90 சென். 1290-ஐ 600-ஆல் பெருக்கி 10000-ஆல் வகுத்தா 77.4, வரி 77 சென். மொத்தம் 1367. ரொக்கம் 1365, வித்தியாசம் −2. கார்டுன்னா 1367-தான். ரொக்கத்தொகை கேக்கிற கல்லாப்பெட்டி ஃபங்ஷனுக்கு கார்டு மொத்தத்தை யாராவது அனுப்பினா கம்பைல் ஆகாது. இதுக்குத்தான் டைப்.

#8 · பட்டர்வொர்த்_ஃபெர்ரி

ஐசி நம்பருக்கு ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைப் பொருத்திப் பார்க்கிற விதி) போதுமா? 12 இலக்கம், முடிஞ்சது?

#9 · நளினி_பங்சார்

ரெகெக்ஸ் பாதி. ஐசி 12 இலக்கம்: முதல் ஆறு பிறந்த தேதி, வருஷம்-மாசம்-நாள் வரிசையில, அடுத்த ரெண்டு பிறந்த இடம் (பினாங்கு 07, சிலாங்கூர் 10, கோலாலம்பூர் 14), கடைசி நாலுல கடைசி இலக்கம் ஒற்றைப்படைன்னா ஆண், இரட்டைப்படைன்னா பெண். கடன் அட்டையில இருக்கிற லூன் மாதிரி தட்டச்சுப் பிழை பிடிக்கிற இலக்கம் இதுல இல்ல. நடுவுல ஒரு இலக்கம் மாறினா பெரும்பாலும் அதுவும் செல்லுபடியாகும் வடிவமாவே இருக்கும். டைப் சொல்றது "இது ஐசி வடிவத்துல இருக்கு" என்பதை மட்டும்தான். "இந்த ஆளோட ஐசி" என்பதை இல்ல. அந்த ரெண்டையும் குழப்பிக்காம இருக்க, சரிபார்த்த ஐசின்னு இன்னொரு டைப் வைக்கலாம், அடையாளச் சோதனை நடந்த பிறகுதான் அது பிறக்கும்.

மாசம், நாள் பார்க்கலாம். வருஷம் ரெண்டு இலக்கம்தான், அதனால எந்த நூற்றாண்டுன்னு தெரியாது. பிப்ரவரி 29-க்கு, வருஷம் 4-ஆல் வகுபட்டா ஏத்துக்குங்க. 00 மட்டும்தான் சிக்கல்: 1900-ல பிப்ரவரி 29 இல்ல, 2000-ல உண்டு. எனவே 00-ஐயும் ஏத்துக்கணும். அதே காரணத்தால பிறந்த தேதியைத் திருப்பித் தர்ற ஃபங்ஷனை ஐசி டைப்புக்குள்ள வைக்காதீங்க. நூற்றாண்டை வேற எங்கேயாவது இருந்து கேட்டு வாங்கணும்.

கோடு போட்டும் போடாமலும் எழுதுவாங்க. ஃபேக்டரி உள்ளே வாங்கும்போதே கோட்டை எடுத்துட்டு ஒரே வடிவத்துல வைக்கட்டும், இல்லைன்னா ஒரே ஆள் ரெண்டு உறுப்பினரா நிப்பார். வெளிநாட்டவர்னா பாஸ்போர்ட். அதனால ஃபீல்டோட டைப் ஐசி இல்ல, அடையாள ஆவணம். ஐசி அதுல ஒரு கிளை, சீல்ட் கிளாஸ் (கிளைகள் எவைன்னு முன்பே முடிவானது). மதிப்பை எழுத்தாக் காட்டுற டுஸ்டிரிங்கை மாத்தி கடைசி நாலு மட்டும் காட்டுற மாதிரி வைங்க, லாக்ல முழு எண் கொட்டாது.

போஸ்கோட் எண் இல்ல, அஞ்சு இலக்க ஸ்டிரிங். கங்கார் 01000. இன்ட்டா வெச்சா 1000 ஆயிடும். கோலாலம்பூர்லயும் பினாங்குலயும் மட்டும் சோதிச்சுப் பார்த்தா இது கண்ல படாது, அங்கே பூஜ்யத்துல தொடங்குறது கிடையாது. கைப்பேசியில 011 எண்கள் மொத்தம் 11 இலக்கம், 012 மாதிரியானவை 10.

பெயர் என்கிற டைப்புக்கு விதியைக் கம்மியா வைங்க. எழுத்தும் இடைவெளியும் மட்டும்னு ரெகெக்ஸ் போட்டா, ஐசியில இருக்கிற ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்)-யோட சாய்கோட்டுக்கே நம்ம ஆளுங்க பாதிப் பேர் வெளியே நிக்கணும். மறுபெயருக்கு அட் குறி வர்ற பெயர்களும் உண்டு. காலியா இருக்கக் கூடாது, முன்பின் இடைவெளி வெட்டணும், கட்டுப்பாட்டுக் குறியீடுகள் கூடாது, நீளத்துக்கு ஒரு வரம்பு. போதும். தமிழ்ல பெயர் வாங்கினா என்எஃப்சி-க்கு (யூனிகோடோட ஒரே சீரான வடிவத்துக்கு) மாத்தி வைங்க: 'கொ' என்பதை ஒரே உயிர்க்குறியாவும் தட்டலாம், 'ெ' 'ா' ரெண்டாவும் தட்டலாம். கண்ணுக்கு ஒண்ணு, ஒப்பிட்டா வேற வேற. நீள வரம்பை பைட்ல எண்ணினா தமிழுக்கு ஒரு குறியீட்டுக்கு மூணு பைட் போகும். 40 பைட்டுக்கு 13 குறியீடுதான்.

#10 · எளிமை_போதும்

சரி, ரொக்கத்தொகை உதாரணம் நல்லா இருக்கு, ஒத்துக்கிறேன். எக்ஸெப்ஷனா ரிசல்ட்டா என்கிறதுக்கு இன்னும் பதில் வரலையே.

#11 · பாயான்_லெப்பாஸ்_போர்டு

மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. மனிதர் தட்டியது, வெளி சிஸ்டம் அனுப்பியது என்றால் ரிசல்ட். அது தவறுவது எதிர்பார்க்க வேண்டியதே. நம் கோடே கணக்கிட்டு வந்தது வரம்பு மீறினால் அது பக், எக்ஸெப்ஷன் வீசி நிறுத்துங்கள். கோடில் எழுதிய மாறிலி என்றால் கம்பைல் நேரத்திலேயே விழ வேண்டும். சி++20-இல் கன்ஸ்ட்ரக்டரை கான்ஸ்ட்எவால் ஆக்கினால் வரம்பு மீறிய மாறிலி கம்பைல் ஆகாது. ரஸ்ட்டில் கான்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் பேனிக் 1.57 பதிப்பிலிருந்து உண்டு, அழைப்பு கான்ஸ்ட் மாறிலியில் இருந்தால் கம்பைலரே நிறுத்திவிடும்.

ஃபார்முக்கு ரிசல்ட் என்றாலும் முதல் பிழையோடு திரும்பாதீர்கள். ஒவ்வொரு ஃபீல்டையும் தனித்தனியாக மாற்றிப் பார்த்து, எல்லாப் பிழையையும் சேர்த்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் பயனர் ஒன்றைத் திருத்தி அனுப்ப, அடுத்தது முளைக்கும். பிழையில் எந்த விதி என்பது இருக்கட்டும், திரையில் காட்டும் வாக்கியம் வேண்டாம். அதை மலாய், தமிழ், ஆங்கிலம் என்று முன்பக்கம் பார்த்துக்கொள்ளும்.

#12 · பட்டர்வொர்த்_ஃபெர்ரி

எங்க பக்கம் கோ, பைதான், கொஞ்சம் ரஸ்ட். அங்கே பின்வாசல் எங்கே எங்கே?

#13 · பாயான்_லெப்பாஸ்_போர்டு

கோ: இன்ட் மேல் புதிய டைப் அறிவித்தாலும் டைப் இல்லாத மாறிலி தானாக உள்ளே போகும், 500 என்று எழுதினால் வயது ஆகிவிடும். வெளியே தெரியாத ஃபீல்ட் உள்ள ஸ்டிரக்ட் வையுங்கள். அப்போதும் பூஜ்ய மதிப்பைத் தடுக்க வழியில்லை, யாரும் காலி ஸ்டிரக்டை எழுதலாம். ஆகவே பூஜ்ய மதிப்புக்கும் ஓர் ஒழுங்கான பொருள் இருக்கும்படி டைப்பை வடிவமையுங்கள், அல்லது 'இன்னும் நிரப்பவில்லை' என்று கண்டுகொள்ளுங்கள். சி#-இல் ஸ்டிரக்டுக்கும் டீஃபால்ட் வழியாக இதே ஓட்டை. ரெக்கார்டில் 'வித்' எழுதினால் கன்ஸ்ட்ரக்டர் சோதனை மறுபடி ஓடாது.

பைதான்: நியூடைப் மைபை மாதிரி சோதிப்பானுக்கு மட்டும், ஓடும்போது ஒன்றும் இல்லை. தரவைச் சோதிக்கும் பைடான்டிக் லைப்ரரியில் உருவாக்கும்போது சோதிக்கும்; பிறகு ஃபீல்டில் புதிய மதிப்பு வைத்தால் இயல்பாகச் சோதிக்காது, அதற்குத் தனித் தெரிவு உண்டு. மாடல் கன்ஸ்ட்ரக்ட் என்ற வழி சோதனையையே தாண்டும். பூல் என்பது இன்ட்டின் துணை கிளாஸ், எண்ணிக்கை கேட்கும் இடத்தில் ட்ரூ வந்து 1 ஆகும்.

ரஸ்ட்: பிரைவேட் ஃபீல்ட் என்பது மாட்யூல் அளவுக்குத்தான். அதே மாட்யூலில் எழுதும் எவருக்கும் திறந்த வாசல், ஆகவே டைப்புக்குத் தனி மாட்யூல். ஜேசான் படிக்க உதவும் செர்டே லைப்ரரியின் டிஸீரியலைஸை வெறுமனே டிரைவ் செய்தால் (கம்பைலரையே எழுத விட்டால்) உங்கள் கன்ஸ்ட்ரக்டரைத் தொடாமல் ஃபீல்டை நேரே நிரப்பும். டிரை-ஃப்ரம் குறிப்பைச் சேர்த்தால்தான் சோதனை வழியாக வரும். டீஃபால்ட்டை டிரைவ் செய்தால் 0 பிறக்கும், 1-லிருந்து தொடங்கும் டைப்புக்கு அது கேடு. உள் மதிப்பை மாற்றத்தக்க ரெஃபரென்ஸாக வெளியே கொடுத்தால் மற்ற எல்லா ஏற்பாடும் வீண்.

ஹாஸ்கெல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வரி: கன்ஸ்ட்ரக்டரை எக்ஸ்போர்ட் செய்யாமல் ரெக்கார்ட் ஃபீல்டின் பெயரை மட்டும் எக்ஸ்போர்ட் செய்தாலும், ரெக்கார்ட் அப்டேட் எழுதி உள்ளே மாற்ற முடியும். சாதாரண ஃபங்ஷன் ஒன்றை எழுதி அதை வெளியே விடுங்கள்.

டெஸ்டில், வரம்பின் இரு ஓரமும் ஓரத்துக்கு ஒன்று வெளியேயும்: 0 முதல் 10000 என்றால் −1, 0, 10000, 10001. அதோடு ஜேசானை எழுதித் திரும்பப் படித்தால் அதே மதிப்பு வருகிறதா, கெட்ட ஜேசான் விழுகிறதா. தற்செயல் மதிப்பு உருவாக்கும் ஜெனரேட்டரும் ஃபேக்டரி வழியாகவே போகட்டும்.

#14 · டேட்டாபேஸ்_தாத்தா

கோட்ல எத்தனை பூட்டு போட்டாலும், எஸ்கியூஎல் கன்சோல்லிருந்து ஒருத்தர் அப்டேட் எழுதினா எல்லாம் காலி. அதனால வடிவ விதியை தரவுத்தளத்துலயும் எழுதணும். போஸ்ட்கிரெஸ்ல டொமைன் என்று இருக்கு, டைப் மாதிரியே பெயர் வெச்சு செக் (மதிப்புக்கான நிபந்தனை) போடலாம். அழகா இருக்கும், ஆனா அந்த டொமைனை எங்கேயாவது அரே நெடுவரிசையிலயோ கூட்டு டைப்புக்குள்ளயோ பயன்படுத்தியிருந்தா, பின்னாடி புது விதி சேர்க்க விடாது. நான் டேபிளோட செக்கையே விரும்புவேன்.

செக்ல ஒரு பொறி: மதிப்பு நல் என்றால் நிபந்தனை தெரியாத நிலைக்குப் போகும், செக் அதை அனுமதிக்கும். பொய்யானாத்தான் தடுக்கும். நாட் நல் தனியாப் போடணும். மைஎஸ்கியூஎல்ல இருக்கிறவங்க பதிப்பைப் பாருங்க: 8.0.16-க்கு முன்னாடி செக்கைப் படிச்சுட்டு ஒண்ணும் பண்ணாம விட்டுடும், பிழை கூட வராது.

பழைய கெட்ட வரிசைகளுக்கு வழி இது. முதல்ல விதியை மீறுற வரிசைகளை எண்ணிப் பாரு, எந்த வகையில மீறுதுன்னு பிரிச்சுப் பாரு. பாதி ஒரே இம்போர்ட்ல வந்ததா இருக்கும். அப்புறம் செக்கை நாட் வேலிட் என்று சேரு: பழைய வரிசைகளைப் பார்க்காது, டேபிளைப் பூட்டிவெச்சு முழுக்கப் படிக்காது, புதுசா வர்றதை மட்டும் தடுக்கும். பழசை மெதுவா சுத்தம் பண்ணு. கடைசியில வேலிடேட் கன்ஸ்ட்ரெயின்ட், அது ஓடும்போது மத்தவங்க படிக்கலாம் எழுதலாம்.

கோட் பக்கம் அதே நேரத்துல: டேபிள்லிருந்து படிக்கும்போது விதி மீறினா என்ன என்பதை முடிவு பண்ணு. ரிப்போர்ட் எடுக்கும்போது ஒரு கெட்ட வரிசைக்காக முழு ரிப்போர்ட்டும் விழக் கூடாது. படிக்கிறதுக்கு 'சரியானது அல்லது பழைய மூல மதிப்பு' என்று ரெண்டு கிளை உள்ள டைப், எழுதுறதுக்கு சரியானது மட்டும். சுத்தம் முடிஞ்சதும் முதல் டைப்பை அழிச்சுடு. எங்கெல்லாம் மாத்தணும்னு கம்பைலரே சொல்லும்.

#15 · செந்தூல்_கோடர்

ரொம்ப நன்றி தாத்தா. ஸ்டேஜிங்ல நாட் வேலிட் போட்டுப் பார்க்கிறேன். போஸ்கோட் செக் போட்ட அப்புறம், உறுப்பினரோட கைப்பேசி எண்ணை மாத்துற ஸ்கிரீன் சில பேருக்கு மட்டும் விழுது. போஸ்கோடை அந்த ஸ்கிரீன் தொடவே இல்ல. நாட் வேலிட்னா பழசைப் பார்க்காதுன்னு சொன்னீங்களே?

#16 · டேட்டாபேஸ்_தாத்தா

செக்கைச் சேர்க்கும் நேரத்துல பழைய வரிசையைப் பார்க்காது. ஆனா அந்த வரிசையில எந்த நெடுவரிசையை அப்டேட் பண்ணினாலும் புது வரிசை எழுதப்படும், அப்போ செக் முழுசா ஓடும். போஸ்கோட் 1000 என்று கிடக்கிறவங்க எல்லாரும் விழுவாங்க. போஸ்கோடுக்கு இது சுலபம்: நாலு இலக்கமா இருக்கிறதுக்கு முன்னாடி ஒரு பூஜ்யம் சேர்த்து ஒரே அப்டேட்ல சரி பண்ணிட்டு, அதுக்கப்புறம் செக்கைச் சேரு. நாலு இலக்கம் எல்லாமே பூஜ்யம் விழுந்ததுன்னு நம்பாதே, ஊர் பெயர் நெடுவரிசையோட பொருத்திப் பாரு. கங்கார், அலோர் ஸ்டார், லங்காவி பக்கம்னா போடலாம், செந்தூல்னு இருந்தா அது தட்டச்சுப் பிழை. ஐசி மாதிரி தானாச் சரி பண்ண முடியாததுக்கு, மீறுற வரிசைகளை முதல்ல தனி டேபிளுக்கு நகலெடுத்து, ஃபீல்டை நல் ஆக்கி, உறுப்பினர் அடுத்த தடவை வரும்போது கேட்டு நிரப்புற மாதிரி கொடி வை. அதனால முன்னாடி நான் சொன்னதை மாத்திக்கோ, வேலைகள் இந்த ஒழுங்குல போகணும்: சுத்தம், நாட் வேலிட், புதுக் கோட் ரிலீஸ், வேலிடேட்.